திருநாளும் திறவுகோலும்

என் தந்தையார் கச்சேரியிற் சிறாப்பராகக் கடமையாற்றியவர். சித்திரை வருடப் பிறப்புக்கு முந்திய மாலையில் ஏனையோர் புடைவைக் கடைகளுக்கு விரைய, அவர் மட்டும் இருட்டியபின்பே வீடு திரும்புவார். பணப் பெட்டகத்துக்கு இரண்டு பூட்டுகள். திறவுகோல்கள் இருவரிடம் இருக்கும். பூட்டியபின் அரக்கு முத்திரையும் இடுவார்கள்.

"விடுமுறைக்கும் இவ்வளவு காவலோ, ஐயா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"விடுமுறை எங்களுக்குத்தான், பிள்ளை. கள்ளனுக்கு அதுதான் வேலைநாள்" என்றார். அதனை வேடிக்கைப் பேச்சென்றே அன்று கொண்டேன்.

அவ்வுரையின் பொருளை எனக்கு விளக்கியது, 2016ஆம் ஆண்டு வங்காளதேச மத்திய வங்கியில் நிகழ்ந்த களவு. சுவரிற் கன்னம் வைத்தார் எவருமிலர். கணினிகளுள் முன்னரே புகுந்து மறைந்திருந்த கள்வர், பெப்ரவரி 4ஆந் திகதி வியாழன் இரவில், அவ்வங்கியின் பெயரால் நியூயோர்க் மத்திய ஒதுக்கு வங்கிக்குக் கட்டளைகள் விடுத்தனர். கேட்ட தொகை ஏறத்தாழ 95 கோடி அமெரிக்க டொலர். வெள்ளியும் சனியும் டாக்காவில் விடுமுறை. சனியும் ஞாயிறும் நியூயோர்க்கில் விடுமுறை. திங்கட்கிழமை சீனப் புத்தாண்டாதலின் பிலிப்பைன்ஸில் விடுமுறை. கட்டளைகளைப் பதிக்கும் அச்சுப்பொறி இயங்காதிருந்ததையும் வழக்கமான பழுதென்றே எண்ணிவிட்டனர். 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸைச் சென்றடைந்தது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட 2 கோடியோ, பெறுநரின் பெயரில் ஓர் ஆங்கிலச் சொல் பிழைபட்டிருந்ததால் ஐயத்துக்குள்ளாகித் தடுக்கப்பட்டது. விழித்திருந்த ஒரு கண் செய்த நன்மை அது.

பணம்மட்டுமா களவுபோகும்? 2023ஆம் ஆண்டு நம் அரசாங்க மின்னஞ்சல் தாக்கப்பட்டபோது, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் மீளாதொழிந்தன. அக்காலத்துக்குரிய மறுபிரதி இருக்கவில்லை. ஓர் அலுவலகத்தின் ஏடுகள் மறைந்தால், உதவிப்பணத்துக்குக் காத்திருக்கும் முதியவளும், பிறப்புப் பத்திரம் வேண்டி நிற்கும் மாணவனுமன்றோ வாடுவர்?

என் மகள் அரச அலுவலகமொன்றிற் கணினிப் பகுதிக்குப் பொறுப்பானவள். இவ்வாண்டு வருடப் பிறப்புக்கு முந்திய இரவு எட்டு மணிக்கே வந்தாள். தாய் கடிந்துகொண்டாள்: "பலகாரம் சுட ஒரு கை உதவியில்லை. பூட்டின கந்தோரில் உனக்கு என்ன வேலை?"

அவள் பொறுமையாகச் சொன்னாள். ஏடுகளைப் பிரதிசெய்து, அப்பிரதியைக் கணினியினின்றும் கழற்றி அலுமாரியில் வைத்தாளாம். மாற்றலாகிச் சென்றோரின் கடவுச்சொற்களைச் செல்லாதனவாக்கினாளாம். விடுமுறையில் ஏதேனும் நேரின் யாரை அழைப்பதென்று தாளில் எழுதிக் காவலாளியிடம் கொடுத்தாளாம்.

நான் ஒன்றே கேட்டேன்: "அலுமாரித் திறப்பு?"

"இரண்டு பூட்டு, அப்பா. ஒன்று என்னிடம், மற்றது கணக்காளரிடம்."

மறுநாட் காலை, கைவிசேடம் கொடுக்கையில், அவள் கையில் ஒரு நாணயம் கூடுதலாக வைத்தேன். அது அவளுடைய பாட்டனார் பங்கு.