தெரிந்த வரை

பூண்டுக் காட்டில் களை எடுத்தவர்களுக்கு ஒன்று தெரியும். பெரிய களையைப் பிடுங்குவது சுலபம். பூண்டுத் தாளோடு தாளாக நிற்கும் இளம் புல்லைப் பிரித்துப் பார்ப்பதுதான் கஷ்டம். விட்டுவிட்டால் திரும்ப வளரும். அவசரப்பட்டு இழுத்தால் பூண்டும் சேர்ந்து வரும். மூளைக் கட்டி ஆபரேஷனிலும் இதே சிக்கல்தான் என்பது என் மச்சானால்தான் எனக்குப் புரிந்தது.

கவுஞ்சியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். தலைவலி என்று ஆரம்பித்து, பேச்சும் குழற ஆரம்பித்தது. மலையிறங்கிப் போய் ஸ்கேன் எடுத்ததில் கிளையோபிளாஸ்டோமா என்றார்கள். ஆபரேஷன் முடித்து வெளியே வந்த டாக்டர், "கண்ணுக்குத் தெரிந்த வரைக்கும் எடுத்துட்டோம் ஐயா" என்றார். நல்ல மனிதர், ஒளிக்காமல் சொன்னார். மச்சான் அதன்பின் 11 மாதம் இருந்தார். அந்தத் 'தெரிந்த வரை' மட்டும் என் மனதை விட்டுப் போகவில்லை. ரிட்டையர் ஆன அறிவியல் வாத்தியார்தானே, தேடிப் படிக்க உட்கார்ந்தேன்.

இந்தக் கட்டிக்குத் தெளிவான ஓரம் கிடையாது. நல்ல மூளைக்குள் வேர்விட்ட மாதிரி பரவும். சாதாரண வெளிச்சத்தில், ஓரத்தில் எது கட்டி, எது மூளை என்று பிரிப்பது கடினம். கூடுதலாக வெட்டினால் பேச்சோ, கை காலோ போய்விடும்.

இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 5-அமினோலெவுலினிக் அமிலம் என்ற மருந்தை ஆபரேஷனுக்குச் சுமார் 3 மணி நேரம் முன்பு தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கிறார்கள். இது நம் உடம்பிலேயே உள்ள பொருள்தான். ரத்தத்தின் சிவப்பு இதிலிருந்துதான் தயாராகிறது. பூண்டுத் தாளின் பச்சையமும் இதிலிருந்துதான்! கட்டி செல்களில் இது புரோட்டோபார்ஃபைரின் என்ற பொருளாக மாறித் தேங்கிவிடுகிறது. மைக்ராஸ்கோப்பில் நீல வெளிச்சம் போட்டால் கட்டி மட்டும் சிவப்பாக ஒளிரும்.

ஜெர்மனியில் வால்டர் ஸ்டம்மர் குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த ஒளியைப் பார்த்துச் செய்தவர்களில் 65 சதவீதம் பேருக்கு, ஸ்கேனில் தெரிந்த கட்டி முழுதும் நீங்கியது. சாதாரண வெளிச்சத்தில் 36 சதவீதம்தான். ஆறு மாதம் நோய் வளராமல் இருந்தவர்கள் 41 சதவீதம், மற்றவர்களில் 21. நோய் தீர்ந்துவிடும் என்று அர்த்தமில்லை. ஆனால் ஆறு மாதம் என்பது அந்த வீட்டாருக்குச் சின்ன விஷயமும் இல்லை.

குறையும் உண்டு. ஓரத்தில் செல்கள் சிதறிக் கிடக்கும் இடத்தில் ஒளி மங்கல், கண்ணுக்குத் தெரியாது. மெதுவாக வளரும் கட்டிகள் பல ஒளிர்வதே இல்லை. அதனால்தான், கண் தவறவிடும் மங்கல் ஒளியையும் அளந்து சொல்லும் கருவிகளை ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கி வருகிறார்கள்.

விலை குறைந்த இன்னொரு சாயமும் உண்டு. சர்க்கரைக்காரர்கள் பலருக்கு அது பழக்கம்: கண் நரம்பைப் படம் எடுக்க ஊசி போட்டு, மறுநாள் வரை சிறுநீர் மஞ்சளாகப் போகுமே, அதே ஃபுளோரசீன். மூளைக் கட்டிக்கு அதை 1948-லேயே அமெரிக்காவில் ஜார்ஜ் மூர் பயன்படுத்திக் காட்டினார். ஆனால் அது ரத்தக் குழாய் கசியும் இடத்தைக் காட்டுமே தவிர, செல்லையே காட்டாது.

நம் வீட்டில் யாருக்காவது இப்படி வந்தால், ஆபரேஷனுக்கு முன்பே ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்: "கட்டியோட ஓரத்தை எப்படிப் பார்ப்பீங்க டாக்டர்?"