ஆபீஸ் வேலைக்கு எந்தக் கம்ப்யூட்டர்?

எங்கள் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். வீட்டிலிருந்தே நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதலாம் என்று முடிவு செய்தோம். சீட்டுப் பணத்தில் கம்ப்யூட்டர். மிச்சத்தில்தான் பெண்ணின் காலேஜ் ஃபீஸ்.

கடையில் இரண்டு பட்டியல் தந்தார்கள். ஒன்றில் ஐ5 பிராசசர், தனி கிராஃபிக்ஸ் கார்டு, 8 ஜி.பி. ராம், ஹார்ட் டிஸ்க். விலை குறைந்த மற்றதில் ஐ3 பிராசசர், 16 ஜி.பி. ராம், எஸ்.எஸ்.டி.

"பெரிசையே வாங்கிடலாமே" என்றார் இவர்.

"டாலிக்கும் எக்ஸெலுக்கும் கிராஃபிக்ஸ் கார்டு எதுக்குங்க? அது விளையாட்டுக்கும் வீடியோ வேலைக்கும்தானே!" என்றேன்.

ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழன்று தேடி எடுக்க நேரமாகும். எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவுமில்லை; அஞ்சறைப் பெட்டியில் கடுகு எடுப்பதுபோல் உடனே வரும். ராம் என்பது சமையல் மேடை மாதிரி. அகலமாக இருந்தால் நாலு வேலையை ஒரே சமயம் பரப்பலாம்.

ஒன்று மட்டும் கேட்டு வாங்குங்கள், சகோதரிகளே! தனி கார்டு இல்லையென்றால், திரையில் படம் காட்டும் வசதி பிராசசரிலேயே இருக்கவேண்டும். இன்டெல் பிராசசர் பெயரின் கடைசியில் ஆங்கில 'எஃப்' எழுத்து இருந்தால் அந்த வசதி இராது.

ஃபீஸ் கட்டினதுபோக, யு.பி.எஸ்.ஸும் முதுகுக்கு அணைவான நாற்காலியும் வாங்கினோம். கரண்ட் போனால் கணக்கை சேவ் பண்ண அவகாசம் கிடைக்கிறது. இவருக்கு இடுப்பு வலியும் இல்லை.