தனித்தட்டு வேண்டாம்

ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று ரிப்போர்ட் வந்ததும் பல வீடுகளில் அவருக்கு மட்டும் சப்பாத்தி, மற்றவர்களுக்கு வழக்கம்போல் குவித்த சோறு. இந்தத் தனிச் சமையல் நீடிக்காது. மாற வேண்டியது மொத்த வீட்டின் சாப்பாடு. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி, அதன் விளிம்பில் நிற்பவர்கள் 13.6 கோடி. அந்த விளிம்பில் அதே வீட்டுப் பிள்ளைகளும் இருக்கலாம், பரம்பரையாகவும் வரக்கூடிய நோய் இது.

“ஒருவருக்காக எல்லோரும் பத்தியம் இருப்பதா?” என்பார்கள். ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் அவரைக்காய்ப் பொரியலும் சுண்டலும் வைப்பது பத்தியமா என்ன? கோதுமைக்கு மாறினால் போதும் என்பதும் சரியில்லை. நான்கு சப்பாத்தியிலும் இருப்பது மாவுச்சத்துதான். சாப்பாட்டை மாற்றினாலும், மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. நோயுள்ளவர் சாப்பிட்டபின் கால் மணி நேரம் நடக்கும்போது, வீட்டில் யாராவது ஒருவர் கூடப் போங்கள்.