ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஒரு சைப்பிரஸ்

சைப்பிரஸுக்கு ஒரு சுற்றுலாத் திட்டம் போடுவது பெரிய வேலையில்லை. மத்தியதரைக் கடலில் சிசிலிக்கும் சார்டினியாவுக்கும் அடுத்த மூன்றாவது பெரிய தீவு அது. ஆனாலும் மொத்தப் பரப்பு 9,251 சதுர கிலோமீற்றர்தான். இலங்கைக்குள் அப்படி ஏழு தீவைப் போட்டு அடைக்கலாம். வாகனங்கள் எங்களைப்போல இடப்பக்கம்தான் ஓடும். சுவரில் இருக்கிற பிளக்கும் எங்களுக்குத் தெரிந்த மூன்று கால் பிளக்குத்தான். இரண்டுக்கும் காரணம் ஒன்று: அவர்களும் எங்களைப்போல வெள்ளைக்காரனிட்டை இருந்தவர்கள். சுதந்திரம் கிடைத்தது 1960இல். ரயில் இல்லை, இருந்த பாதையையும் 1951இல் மூடிப்போட்டார்கள். ஆகவே பஸ், இல்லாட்டி வாடகைக் கார். கொழும்பிலிருந்து நேரடி விமானம் இல்லை, வளைகுடாவில் எங்கேயாவது இறங்கி மாறவேணும். யூலை, ஓகஸ்டில் போனால் வெயில் எரிச்சுப்போடும். மார்ச்சிலும் ஏப்ரலிலும் போனால் மலைச்சரிவெல்லாம் பூ.

இவ்வளவையும் நாங்கள் ஒரே இரவில் தேடி எடுத்தோம். நாங்கள் நாலு பேர், கலைப்பீடம், மூன்றாம் வருசம். கையில் காசில்லாத ஆக்களைப்போலத் திட்டம் போடுவதில் சமர்த்தர் வேறு யாரும் இல்லை. இறுதிப் பரீட்சை முடிய எங்கேயாவது போகவேணும் என்ற கதை நுவரெலியாவில் தொடங்கி, எப்படியோ சைப்பிரஸில் வந்து நின்றது. காரணம், எங்களில் ஒருத்தியின் சின்னம்மா அங்கே இருக்கிறா. இப்ப அவ எங்கள் நாலு பேருக்கும் சின்னம்மா.

லிமாசோல் நகரத்தில் வயதுபோன ஓர் அம்மாவைப் பராமரிக்கிற வேலை அவவுக்கு. ஐந்து வருசம் முடியப்போகுது. சைப்பிரஸில் வீட்டுவேலைக்கும் முதியோரைப் பார்க்கவும் போயிருக்கிற இலங்கைப் பெண்கள் நிறையப் பேர். பிலிப்பைன்ஸ், நேபாளம், வியட்நாம், இந்தியப் பெண்களும் உண்டு. அந்தத் தீவைப் பற்றி எங்களுடைய ஊர்களில் யாருக்காவது ஏதாவது தெரியும் என்றால், அது பெரும்பாலும் இந்தப் பெண்கள் சொல்லித் தெரிந்ததுதான்.

முதலில் போட்டது எங்களுக்கான திட்டம். ஏழு நாள். ஒரு நாள் பாஃபோஸ், ஒரு நாள் ட்ரூடோஸ் மலை, ஒரு நாள் நிக்கோசியா என்று கூகிள் ஷீற்றில் கட்டம் கட்டமாக நிரப்பினோம். பிறகு விசாப் பக்கத்தைத் திறந்தோம். வங்கிக் கணக்கு அறிக்கை, தங்குமிடப் பதிவு, திரும்பி வருவதற்கான ரிக்கற். எங்கள் நாலு பேரின் வங்கிக் கணக்கையும் கூட்டினால் மகாபொல வந்த அன்றைக்கு மட்டும் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். அந்தத் திட்டம் அதோடு படுத்துவிட்டது.

ஆனால் ஷீற்றைச் சின்னம்மாவுக்கு அனுப்பியிருந்தோம். ஒரு ஞாயிறு இரவு அவவின் குரல்பதிவு வந்தது. "பிள்ளையள், நீங்கள் ஏழு நாளில பார்க்கப்போறம் எண்டு எழுதியிருக்கிற ஒரு இடமும் நான் இன்னும் பார்க்கேல்லை. வாற வருசம் ஊருக்கு வந்திடுவன். வந்தாப் பிறகு ஆரும் சைப்பிரஸ் எப்பிடி எண்டு கேட்டா, குசினி நல்லது எண்டுதான் சொல்லோணும்." சொல்லிப்போட்டுச் சிரிக்கிறா. நாங்களும் சிரித்தோம். சிரித்து முடிய ஒருத்தரும் கதைக்கவில்லை.

அன்றிலிருந்து திட்டத்தின் தலைப்பு மாறியது: சின்னம்மாவுக்கு ஒரு சுற்றுலா.

இங்கேதான் கணக்குச் சிக்கலானது. சுற்றுலா வழிகாட்டிகள் எல்லாம் நாள் கணக்கில் எழுதப்பட்டவை. சின்னம்மாவிடம் நாட்கள் இல்லை. அவவிடம் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் காலமையிலிருந்து பின்னேரம் வரைக்கும். அந்த ஒரு நாளுக்குள்ளேதான் காசு அனுப்ப வேணும், ஊருக்குக் கதைக்க வேணும், கூட்டாளிகளோடு சோறு கறி சமைக்க வேணும், நித்திரை கொள்ள வேணும். ஞாயிற்றுக்கிழமைகளில் லிமாசோல் கடற்கரையோரப் பூங்காவில் பாயைப் போட்டு இருக்கிற பெண்களைப் பார்த்தால் ஒரு சின்ன ஆசியாவே அங்கே இருக்கிற மாதிரி இருக்குமாம். "நான் சிங்களம் படிச்சது சைப்பிரஸிலதான்" என்று சின்னம்மா சொல்லுவா. மாத்தறை அக்கா ஒராள்தான் அங்கே அவவுக்கு மிக நெருக்கம்.

நாங்கள் பஸ் நேரங்களைப் பார்த்தோம். லிமாசோலிலிருந்து லார்னாக்காவுக்கும் பாஃபோஸுக்கும் ஏறக்குறைய ஒரே தூரம், 70 கிலோமீற்றர் அளவில். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போகிற மாதிரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமையில் பஸ்கள் குறைவு. உலகம் முழுக்க இது இப்படித்தான் போல. வீட்டுவேலை செய்கிறவர்களுக்கு ஓய்வு கிடைக்கிற நாளில் பஸ்ஸுக்கும் ஓய்வு.

பிறகு இடங்களைப் பற்றிய சண்டை. எங்களில் வரலாறு படிக்கிறவள் பாஃபோஸை விடமாட்டேன் என்று நின்றாள். 1962இல் ஒரு கமக்காரன் வயலை உழும்போது கலப்பையில் தட்டுப்பட்டு வெளியே வந்த ரோமர் காலத்து மாளிகை அங்கே இருக்கிறது. நிலம் முழுக்கச் சின்னச் சின்னக் கற்களைப் பதித்துச் செய்த படங்கள். 1980இலேயே யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த இடம். எல்லாத்தையும் விளக்கி முடிய சின்னம்மா கேட்டா: "கிழமையில ஆறு நாளும் நிலம்தானே பார்க்கிறன். ஏழாம் நாளும் நிலமோ?"

பாஃபோஸ் வெட்டுப்பட்டது.

லிமாசோல் கோட்டை அவ நடந்து போகிற வழியிலேயே இருக்கிறது. இங்கிலாந்து அரசன் றிச்சர்ட் 1191இல் அந்த ஊரில்தான் கலியாணம் கட்டினவர் என்று சொன்னோம். "சிலுவைப்போருக்கு எண்டு வெளிக்கிட்டுப் போட்டு வழியில கலியாணமோ" என்று கேட்டுவிட்டு அதையும் தள்ளிவிட்டா. குரியோன் மட்டும் முதல் பேச்சிலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டது. லிமாசோலுக்குக் கிட்ட, கடலைப் பார்த்தபடி குன்றின் மேலே இருக்கிற பழைய திறந்தவெளி அரங்கு அது. காரணம் அரங்கு இல்லை. "மேல இருந்து கடல் தெரியும் எண்டால் போவம்."

நிக்கோசியாவுக்கு வந்தபோது பகிடி நின்றது. எங்களுக்கு அந்த நகரத்தில் பெரிய ஆர்வம். 1974 யூலையில் கிரேக்க இராணுவ ஆட்சியின் துணையோடு ஒரு சதிப்புரட்சி நடந்தது. அதைக் காரணம் காட்டி யூலை 20 அன்று துருக்கிப் படை வந்திறங்கியது. அதோடு தீவு இரண்டாகியது. நடுவில் 180 கிலோமீற்றர் நீளத்துக்கு ஐ.நா. படை காவல் நிற்கிற இடைவலயம். அந்தப் படை அங்கே போனது அதற்கும் பத்து வருசம் முந்தி, 1964இல். கடவைகள் 2003இல்தான் திறக்கத் தொடங்கின. நிக்கோசியாவின் நடுவே இருக்கிற லெட்ரா வீதி 2008இல் திறந்தது. கடைத்தெரு போய்க்கொண்டிருக்கும், திடீரென்று ஒரு சோதனைச்சாவடி வரும். சுற்றுலாக்காரர் அதற்கு முன்னால் நின்று படம் எடுப்பார்கள். அரசியல் விஞ்ஞானம் படிக்கிற எங்கள் ஆளுக்கு அதைப் பார்க்காத சைப்பிரஸ் சைப்பிரஸே இல்லை.

சின்னம்மா நீளமாகக் கதைக்கவில்லை. "ஓமந்தையில நிண்டது காணும். காசு குடுத்துப் போய் இன்னொரு செக்பொயின்ற் பார்க்கேலாது."

சின்னம்மாவின் ஊர் மயிலிட்டி. 1990 யூனில் வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்தபோது அவவுக்கு ஒன்பது வயது. 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகமும் அதை அண்டிய கொஞ்சக் காணியும் விடுபட்டது. இருபத்தேழு வருசத்துக்குப் பிறகு போய்ப் பார்த்தால், வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் ஒரு கிணறும். காணி திரும்பக் கிடைத்ததால்தான் அவ வெளிநாடு போனவ. கேட்கிறவர்களுக்கு இது விளங்குவதில்லை. காணி வந்தால் ஊரில் இருக்கலாம்தானே என்பார்கள். காணி வரும், சுவரும் கூரையும் தானாக வராது. லிமாசோலில் அஞ்சு வருசம் நிலம் துடைத்துத்தான் மயிலிட்டியில் சுவர் எழும்பியது.

இனி யாயா. கிரேக்க மொழியில் அம்மம்மாவை யாயா என்பார்களாம். சின்னம்மா பார்க்கிற அம்மாவுக்கு எண்பது கடந்துவிட்டது, பொல்லு ஊன்றித்தான் நடப்பா. அவவின் ஊர் ஃபமகுஸ்தா, அதிலும் வரோஷா என்ற கடற்கரைப் பகுதி. 1974 ஓகஸ்டில் துருக்கிப் படை கிட்ட வர, சனம் உடுத்த உடுப்போடு ஓடியது. இரண்டு மூன்று நாளில் திரும்பலாம் என்றுதான் நினைத்தார்களாம். அந்தப் பகுதியைச் சுற்றிக் கம்பிவேலி விழுந்தது. மாடி மாடியாக ஹொட்டேல்கள், கடைகள், வீடுகள், எல்லாம் ஆளில்லாமல் அப்படியே நின்றன. 2020 ஒக்டோபரில் ஒரு பகுதியைத் துருக்கித் தரப்பு திறந்துவிட்டது. ஆட்கள் வீதியால் நடந்து, வேலிக்கு அங்கால் இடிகிற கட்டடங்களைப் பார்க்கலாம், படம் எடுக்கலாம். சொந்தக்காரருக்கு வீடு கிடைத்ததாக இல்லை. யாயாவுக்கு அதற்குள்ளே போக விருப்பமில்லை. தன் தெருவுக்குச் சுற்றுலாக்காரியாகப் போகமாட்டேன் என்று மகனுக்குச் சொன்னாவாம்.

ஆனால் தெரினியா என்று ஒரு கிராமம் உண்டு. கோட்டுக்கு இங்கால் பக்கம், ஃபமகுஸ்தாவுக்குப் பக்கத்திலேயே. அங்கே நின்றால் தூரத்தில் வரோஷாவின் கட்டடங்கள் வரிசையாகத் தெரியும். சின்னம்மாவின் ஞாயிறுத் திட்டத்தைப் பற்றி யாயா கேள்விப்பட்டதும் கேட்டது அதைத்தான். தெரினியாவைச் சேர்த்தால் தானும் வருவா, மகன் கார் எடுப்பார்.

எங்கள் நாலு பேருக்கும் இது துண்டறப் பிடிக்கவில்லை. லிமாசோலிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல். யாயா வந்தால் சின்னம்மா அவவின் கையைப் பிடிக்கவேணும், குளிசை குடுக்கவேணும், கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும். அது லீவோ, வேலையோ? ஞாயிறு சின்னம்மாவுக்குச் சொந்தமான ஒரே நாள். அதிலும் ஒரு துண்டை முதலாளி வீட்டுக்குக் குடுப்பதா? நாங்கள் கலைப்பீடத்து ஆட்கள், இதற்கு எங்களிடம் சொற்கள் இருக்கின்றன. உழைப்பு, பராமரிப்பு, சுரண்டல் எல்லாவற்றையும் வைத்து ஒரு பெரிய செய்தி எழுதி அனுப்பினோம்.

சின்னம்மா இரவு எடுத்தா. அங்கே எட்டு மணி, இங்கே பதினொன்றரை.

"நீங்கள் சொல்லுறது சரி பிள்ளையள். அண்டைக்கு வேலைதான், லீவு இல்லை. அதுக்குப் பதிலா இன்னொரு நாள் தரோணும் எண்டு மகனிட்டைக் கேட்டனான், ஓம் எண்டவர். ஆனா நான் போவன். 2017இல மயிலிட்டியைத் திறந்து விட்ட அண்டைக்கு எங்கட அம்மாவின்ரை கையை ஆர் பிடிச்சது? நான்தான். அந்தக் கை எப்பிடி நடுங்கும் எண்டு எனக்குத் தெரியும். மகனுக்குத் தெரியாது, அவர் பிறந்தது லிமாசோலில."

எங்களிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை. ஆனால் ஒன்று கவனித்தோம். சின்னம்மா அதை லீவு என்று சொல்லவில்லை, வேலை என்று சொல்லி, அதற்கு ஒரு நாளும் கேட்டு வாங்கினா. அன்பு இருந்தால் கணக்குப் பார்க்கக்கூடாது என்று எங்கள் வீடுகளில் அம்மாக்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. சின்னம்மா இரண்டையும் வைத்திருக்கிறா.

ஒரு தீவைப் பார்க்க என்ன வேணும் என்று எங்களைக் கேட்டிருந்தால் முந்தி விசா, ரிக்கற், காசு என்றுதான் சொல்லியிருப்போம். அந்தத் தீவிலேயே ஐந்து வருசம் இருந்தும் பார்க்க முடியாமல் போகலாம். பார்க்கிறதுக்கு உன்னுடையது என்று சொல்லக்கூடிய நேரம் வேணும். அந்த நேரம் யாருக்கு, எத்தனை மணித்தியாலம் கிடைக்கிறது என்பதை எந்த வழிகாட்டியும் எழுதுவதில்லை. அருகம்பையிலும் எல்லவிலும் வெள்ளைக்காரர் படுத்தெழும்புகிற கட்டிலுக்கு விரிப்பு மாற்றுகிற அக்காமாருக்கும் இதே கணக்குத்தான். அவர்களில் எத்தனை பேர் ஒருநாள் சும்மா எல்லப் பாலத்தில் நின்று ரயில் பார்த்திருப்பார்கள்?

இப்போதைக்குத் திட்டம் இதுதான்.

முதலாம் ஞாயிறு லார்னாக்கா. இது முடிந்துவிட்டது. பூநாரைகள் குளிர்காலத்தில்தான் அங்கே உப்பேரிக்கு வரும் என்பதால் பெப்ரவரிக்குள் போகச் சொல்லி நெருக்கினோம். ஏரிக்கரையில் ஹாலா சுல்தான் பள்ளிவாசல், நகரத்துக்குள் லாசரஸ் கோயில், இரண்டும் ஒரே நாளில் பார்க்கலாம். படம் வந்தது. பூநாரைகள் பின்னால் வெள்ளைப் புள்ளி புள்ளியாக. முன்னால் சின்னம்மா, மாத்தறை அக்கா, கையில் சோத்துப் பார்சல். "மன்னாருக்கும் வருமாமே, அங்கயும் பார்க்கேல்லை" என்று கீழே எழுதியிருந்தா.

இரண்டாம் ஞாயிறு, மார்ச்சில், குரியோன். காலமை போய் மத்தியானம் திரும்பலாம். மேலே இருந்து கடல் தெரியும்.

மூன்றாவது, ஏப்ரலில், தெரினியா, யாயாவோடு. கட்டத்தில் நாங்கள் "வேலை" என்று எழுதி வேறு நிறம் போட்டிருக்கிறோம்.

நாலாவது, அதற்குப் பதிலாகக் கேட்டு வாங்கிய நாள், ஒரு புதன்கிழமை. ஐந்து வருசத்தில் சின்னம்மாவுக்குக் கிடைக்கிற முதல் வார நாள் லீவு. புதன்கிழமையில் பஸ்கள் கூட, எல்லா இடமும் திறந்திருக்கும். பாஃபோஸையும் ட்ரூடோஸையும் திரும்பவும் முன்னுக்கு வைத்துப் பார்த்தோம். வரலாறு படிக்கிறவள் பஸ் நேரத்தையே மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

சின்னம்மா அந்தக் கட்டத்தில் தானே ஒரு சொல் எழுதி அனுப்பினா: நித்திரை.

நாங்கள் அதை மாற்றவில்லை.