மண்ணெண்ணெய்க்கு மண்ணே மருந்து

தமிழில் மண்ணெண்ணெய், இந்தியில் ‘மிட்டி கா தேல்’. இரண்டின் பொருளும் ஒன்றே. தில்லி வாடகை அறையொன்றில், தாய் விட்டுச்சென்ற பதோகிக் கம்பளத்தின்மீது மண்ணெண்ணெய்ப் புட்டி கவிழ்ந்தபோது, அம்மாணவி வெந்நீரைத்தான் தேடினாள். அண்டைவீட்டு மூதாட்டி தடுத்தார். நீரில் கரையாத எண்ணெயை வெந்நீர் மேலும் பரப்பும், கம்பளியையும் சுருக்கும். தேய்த்தால் கறை இழைக்குள் இறங்கும். ‘மிட்டி கா தேலுக்கு மிட்டியே மருந்து’ என்றவர், துணியால் ஒற்றியெடுத்து, முல்தானி மிட்டியைத் தூவி ஓரிரவு விடச் செய்தார். மறுநாள் தூளை அகற்றிச் சோப்புக் கரைசலால் ஒற்றினாள். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை நீரையும் பற்றும். மண்ணெண்ணெய் ஆவி தீப்பற்றக்கூடியது. ஆதலால் குளிரிலும் ஹீட்டரை மூட்டாமல் சன்னல்களைத் திறந்துவைத்தாள். நெடி நீங்க இரண்டு வாரமாயிற்று. தாயின் கம்பளம் தப்பியது.