வெட்டு ஓரம்

புறக்கோட்டையில் மழை அங்கி விற்கும் கடையொன்றுக்கு இறக்குமதிப் பத்திரங்கள் தயாரிப்பது என் வேலை. வெள்ளவத்தைச் சொந்தக்காரர்களுக்கு அது ‘ஏதோ கஸ்டம்ஸ் வேலை’. கனகாலம் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அதில் ருசி காட்டியவர் எங்கள் கிளியரிங் ஏஜென்ட், கொட்டாஞ்சேனை அண்ணை. ஒருகொடவத்தை யார்டில் சரக்குப் பரிசோதனை நடந்த அன்று, ஒரே பொதியிலிருந்து மூன்று அங்கிகளை உருவிப் போட்டார். மூன்றும் நீலம், மூன்றும் பளபளப்பு. “தங்கச்சி, லேபிளை விடுங்கோ. ஓரத்தைப் பாருங்கோ” என்றார்.

முதலாவது, ஒரு பக்கம் மட்டும் பிளாஸ்டிக் பூசிய நெய்த துணி; உட்புறத்தில் பாவும் ஊடும் தெளிவாகத் தெரிந்தன. சுங்கத் தீர்வைப் புத்தகத்தில் அதன் இலக்கம் 6210. இரண்டாவதில் இரு பக்கமும் பூச்சு. உள்ளே துணி இருப்பதே வெட்டிய ஓரத்தில்தான் தெரிந்தது. அது உடுப்பு அத்தியாயத்திலேயே நிற்காது, பிளாஸ்டிக் சாமான்களோடு 3926க்குப் போய்விடும். மூன்றாவது தவளைப் படம் போட்ட குழந்தை அங்கி, முதலாவதின் அதே துணி. ஆனால் 86 சென்ரிமீற்றருக்கு மேற்படாத உயரமுள்ள பிள்ளைக்கான உடுப்பென்றால், அப்படிப் பூசிய துணியில் தைத்திருந்தாலும் 6209தான்.

சட்டம் இங்கே ஆய்வுகூடத்தை அல்ல, கண்ணைக் கேட்கிறது. பூச்சு வெறுங்கண்ணுக்குத் தெரிய வேண்டும், நிறம் மாறியிருப்பது கணக்கில் இல்லை என்கிறது 59ஆம் அத்தியாயத்துக் குறிப்பு. தண்ணீர் ஒட்டாத மருந்து மட்டும் ஏற்றிய ஜக்கெற்றில் ‘வோட்டர்புரூஃப்’ என்று கொட்டை எழுத்தில் அடித்திருந்தாலும் அது பூசிய துணி ஆகாது. உருளையில் அழுத்திப் பளபளப்பாக்கியதும் அப்படியே. 1988இல் நடைமுறைக்கு வந்த, பல நாடுகளுக்கும் பொதுவான எச்.எஸ். என்ற சரக்கு இலக்க முறை இது, ரொட்டர்டாம் அதிகாரியும் இதே ஓரத்தைத்தான் பார்ப்பார்.

இலக்கம் மாறினால் வரி மாறலாம். சுங்கத் தீர்வை, செஸ், துறைமுக வரி எல்லாம் ஏறிய தொகையின் தலையில்தான் வற் விழும். அது 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். 2022 ஓகஸ்ட்டில் அரசு சில பொருட்களின் இறக்குமதியை நிறுத்திய பட்டியலும் எச்.எஸ். இலக்கப்படியே வந்தது. ஆகவே சப்ளையர் “இன்வொய்சில் என்ன பெயர் போடட்டும்?” என்று கேட்கும்போது ஆசை வரவில்லை என்றால் பொய். எனக்கு வந்தது. வரி குறைந்த இலக்கத்தைத் தேடி வைத்துக்கொண்டு, அதற்கேற்ற விவரணையையும் தட்டச்சு செய்து பார்த்தேன். அனுப்பவில்லை. நேர்மை என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. கத்தரிக்கோலோடு நிற்கும் அதிகாரிக்கு முன்னால் அந்தத் தாள் நிற்காது என்பதைக் கண்ணால் பார்த்திருந்தேன், அவ்வளவுதான்.

இப்போது முற்பணம் கட்டுவதற்கு முன்பே உள்ளங்கை அளவு துணித் துண்டு கேட்கிறேன். சில சப்ளையர்கள் சலித்துக்கொள்கிறார்கள்.

புதிதாக ஒரு துண்டு வந்திருக்கிறது, சாப்பாட்டு டெலிவரிப் பெடியன்களுக்கான ஜக்கெற் துணி. நெய்த துணி, உட்புறத்தில் மிக மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. ஓரத்தில் தெரிகிறது என்கிறார் அண்ணை. எனக்கு வெயிலில் பிடித்தாலும் தெரியவில்லை. அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, கண்ணாடியும் போட்டிருக்கிறார், ஆனாலும் விட்டுக்கொடுக்கமாட்டார். முன்கூட்டியே வகைப்படுத்தித் தரும்படி சுங்கத்துக்கு எழுதி, துண்டையும் இணைத்திருக்கிறோம். பதில் வரும்வரை ஓடர் போடுவதில்லை என்று முதலாளியிடம் சொல்லியாயிற்று. மழை தொடங்கப் போகிறதே என்று அவர் முறைக்கிறார்.