அம்பது வாட்ஸ் அசிங்கம்!

தென்காசிக்காரனுக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறீங்களா? நியாயமான கேள்விதான் மக்கா! குற்றாலத்துல ஐந்தருவி பக்கம் வெண்ணமடைக் குளத்துல பெடல் போட் மிதிச்சதுதான் என் மொத்தக் 'கடல்' அனுபவம். ஆனாலும், 'ட்ரிபிள்-ஈ படிக்கிற பையன்' என்ற ஒரே தகுதியில், உவரி பக்கம் ஒரு ஃபைபர் படகுக்கு லைட் வாங்கித் தர்ற பொறுப்பு என் தலையில் விழுந்துச்சு.

ஹாஸ்டல் ரூம்மேட்டோட அப்பாவுக்கு மீன்பிடித் தொழில். நாங்களும் அவரை அப்பான்னுதான் கூப்பிடுவோம். "பழைய லைட்டு போயிட்டு. நல்லதா ஒண்ணு பாத்து வாங்கிட்டு வாய்யா"ன்னார். விடுவேனா? தென்காசி பஜார்ல கடை கடையா ஏறி இறங்கி, 50 வாட்ஸ் எல்.இ.டி. ஃபோகஸ் லைட்டோட போய் இறங்கினேன். படகு முன்பக்கம் மாட்டி ஸ்விட்சைப் போட்டா... கடற்கரையே பட்டப்பகல்! "எப்படி?"ன்னு காலரைத் தூக்கிவிட்டேன். அப்பா ஒண்ணுமே சொல்லலை. ஆசையா வாங்கிட்டு வந்த பையன் மனசு நோகக் கூடாதுன்னு நினைச்சிருக்கார்.

ராத்திரி 2 மணி. நிலா இல்லை. அப்பா பின்னால இன்ஜினைப் பிடிச்சிருக்க, நாங்க ரெண்டு பேரும் நடுவுல. முன்னால பத்திருபது அடிக்குத் தண்ணி பளபளன்னு தெரிஞ்சுது. அதுக்கு அப்பால சுவர் மாதிரி கறுப்பு. திடீர்னு வலது பக்கம் ஒரு அலறல்! அப்பா இன்ஜினை ஆஃப் பண்ணித் திருப்பினார். கைக்கெட்டுற தூரத்துல ஒரு கட்டுமரம். அதுல ஒரு பெரியவர், கையில சின்ன டார்ச்சை ஆட்டி ஆட்டிக் கத்திட்டு இருந்தார். ரொம்ப நேரமா ஆட்டினாராம். எங்க கண்ணு என் லைட்டுல கூசிப்போய்க் கிடந்ததால, அது தெரியவே இல்லை.

அப்பா எழுந்து வந்து லைட்டை அணைச்சார். திட்டலை. "யய்யா, படகுல லைட்டு போடுறது நாம இங்க இருக்கோம்னு அடுத்தவனுக்குச் சொல்லத்தான். நமக்கு வழி காட்ட இருட்டே போதும்"னார். சொன்ன மாதிரியே, கொஞ்ச நேரத்துல நட்சத்திரம், அலை, தூரத்துப் படகுன்னு ஒவ்வொண்ணா கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சுது. எனக்குத்தான் கரை வர்ற வரைக்கும் பேச்சே வரலை.

அடுத்த சீஸனுக்கு ராத்திரி மெயின் அருவிக்குக் குளிக்கப் போனப்ப இதே கதை. ஃபோகஸ் லைட் வெளிச்சத்துல குளிச்சிட்டு, இருட்டுப் பக்கம் காலை வெச்சா படிக்கட்டே தெரியலை. கண்ணு இருட்டுக்கு முழுசாப் பழக 20, 30 நிமிஷம் ஆகும். ஒரு நொடி பளிச் வெளிச்சம் பட்டா, அத்தனையும் போச்சு!

அப்புறம்தான் உருப்படியா படிச்சேன். 1972-ம் வருஷத்து சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகள்ல எல்லாமே இருக்கு. சுத்திலும் கவனிக்கிறதுக்குத் தடையா இருக்கிற லைட்டைப் போடவே கூடாது. துடுப்புப் படகுக்கு வேற விளக்கு இல்லைன்னாலும், மோதலைத் தடுக்கிற நேரத்துல காட்ட ஒரு டார்ச் கையில இருந்தா போதும். அதாவது அந்தப் பெரியவர் பக்கம்தான் சட்டம். தப்பு முழுக்க என்னோட 50 வாட்ஸ்!

நீங்களும் எப்பவாவது லைட் வாங்கப் போனா, நோட் பண்ணிக்கங்க:

* 12 மீட்டருக்குக் குறைவான இன்ஜின் படகுக்கு, எல்லாத் திசையிலும் தெரியுற ஒரு வெள்ளை விளக்கு. இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை. சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிஞ்சா, அந்தப் படகு நேரா உங்களைப் பாத்து வருதுன்னு அர்த்தம்.

* வாட்ஸைப் பாத்து மயங்காதீங்க. வெள்ளை விளக்கு 2 கடல் மைல், அதாவது சுமார் 3.7 கிலோமீட்டர் தெரியணும். அதுக்கு 4.3 கேண்டெலா போதும். நாலஞ்சு மெழுகுவத்தி வெளிச்சம்தான்!

* 12 வோல்ட் பேட்டரியில 50 வாட்ஸ் லைட் 6 மணி நேரத்துல 25 ஆம்பியர்-ஹவரைக் குடிச்சிடும். 2 வாட்ஸ் லைட்டுக்கு ஒண்ணே ஒண்ணு.

* வெள்ளை விளக்கை உயரமா, ஓட்டுறவர் கண்ணுல படாத மாதிரி மாட்டுங்க. உள்ளே வலை, கயிறு பாக்க மங்கலான சிவப்பு லைட் பெஸ்ட்.

இப்போ அப்பா படகுல சின்னதா மூணு விளக்குதான் எரியுது. அந்த ஃபோகஸ் லைட்? எங்க வீட்டு மொட்டை மாடியில வத்தல் காவலுக்கு நிக்குது. அதைப் பாக்குறப்பல்லாம் இருட்டுல ஆடின அந்தச் சின்ன டார்ச்தான் ஞாபகத்துக்கு வரும்!